பனி விழாத பெங்களூரில் க்ளெமாடிஸ் கொடிக்கு எப்போது கவாத்து?

கேள்வி: செங்காந்தள், ராமமூர்த்தி நகர்

அனைவருக்கும் வணக்கம். என் வீட்டு முற்றத்தில் வளரும் இரண்டு க்ளெமாடிஸ் கொடிகளைப் பற்றி, இதே ஊரில் அவற்றை வளர்த்துப் பழகியவர்களிடம் ஆலோசனை கேட்க விரும்புகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மலைப்பகுதி நர்சரி ஒன்றிலிருந்து இரண்டு கன்றுகளைக் கூரியரில் வரவழைத்தேன். ஒன்றின் அட்டையில் ஜாக்மனி என்று எழுதியிருந்தது; அது கருநீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கிறது. மற்றொன்றின் அட்டை வழியிலேயே தொலைந்துவிட்டது. அதன் பூ வெளிர் இளஞ்சிவப்பு நிறம், ஒவ்வோர் இதழின் நடுவிலும் அடர்ந்த பட்டை ஒன்று ஓடுகிறது. இரண்டையும் கிழக்குச் சுவரோரம் செம்மண்ணில் நட்டு, மூங்கில் கழிகள் ஊன்றி ஏற்றிவிட்டிருக்கிறேன்.

எனது குழப்பம் கவாத்தை, அதாவது தண்டுகளை வெட்டிக் குறைப்பதைப் பற்றியது. நான் படித்த குறிப்புகள் எல்லாமே பிப்ரவரி இறுதியில், குளிர்காலம் முடிந்து மொட்டுகள் விழிக்கும் தறுவாயில் வெட்ட வேண்டும் என்கின்றன. என் வீட்டிலோ அந்த மொட்டுகள் உறங்குவதே இல்லை. பிப்ரவரியில் ஜாக்மனி முழு இலையோடு அரும்பு கட்டி நிற்கிறது. இருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குறிப்பில் இருந்தபடியே இரண்டு கொடிகளையும் ஓரடி உயரத்துக்கு வெட்டினேன். ஜாக்மனி ஏப்ரலில் நன்றாகப் பூத்தது, ஆனால் வெயிலில் ஒவ்வொரு பூவும் மூன்று நாளில் வெளிறி உதிர்ந்தது. பெயர் தெரியாத கொடியோ அந்த ஆண்டு முழுவதும் இரண்டே பூக்களைத்தான் தந்தது. அதற்குப் பயந்து சென்ற ஆண்டு எதையும் தொடாமல் விட்டேன். இப்போது பூக்கள் எல்லாம் கைப்பிடிச் சுவருக்கு மேலே, பக்கத்து வீட்டார் பார்க்கும்படி மலர்கின்றன. எங்கள் பக்கம் இடுப்பு உயரம் வரை விளக்குமாற்றுக் குச்சிகளைப் போல வெறும் தண்டுகள்தான் நிற்கின்றன.

போதாக்குறைக்கு, அக்டோபர் மழையின்போது ஜாக்மனியின் ஒரு தண்டு மட்டும் ஒரே இரவில் துவண்டு கறுத்துவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றினேன், அது மீளவில்லை. நான் பிறந்த ஊர் கம்பம். செடிகொடிகளின் நடுவில் வளர்ந்தவள் என்பதால், இந்தக் கொடியின் போக்கு எனக்கு விளங்காமல் இருப்பது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எந்த மாதத்தில், எவ்வளவு வெட்ட வேண்டும் என்று சொல்வீர்களா?

பதில் 1: மலைத்தோட்டக்காரன், மல்லேஸ்வரம்

வணக்கம் அம்மா. நீலகிரியில் பல ஆண்டுகள் தோட்டக்கலைப் பணியில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மகனோடு இங்கே வசிக்கிறேன். குன்னூரிலும் இந்த ஊரிலும் இந்தக் கொடியை வளர்த்திருப்பதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கம்பத்தில் பிறந்தவருக்கு இதை விளக்குவது எளிது. உங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சைக்கு டிசம்பர், ஜனவரியில் ஒரு கவாத்தும் மே, ஜூனில் ஒரு கவாத்தும் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்நாட்டில் அதே திராட்சை பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் தானாகவே விழிக்கிறது. நம் பக்கம் அந்த உறக்கம் இல்லாததால், வெட்டின் மூலமே கொடியை நிறுத்திப் புதிதாகக் கிளம்பச் செய்கிறோம். க்ளெமாடிஸுக்கும் இங்கே அதுவே நிலை. பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1884 ஜனவரியில் பதிவான 7.8 டிகிரிதான், டிசம்பர், ஜனவரி இரவுகள் வழக்கமாக 15, 16 டிகிரி அளவில் இருக்கின்றன. நீங்கள் படித்த பிப்ரவரி என்பது நிலம் உறைந்து இளகும் நாடுகளின் பிப்ரவரி. அந்தத் தேதியை விட்டுவிட்டு, அந்தத் தேதிக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் இதுதான்: க்ளெமாடிஸ் வகைகளில் சில, சென்ற பருவத்தில் முற்றிய பழைய தண்டிலிருந்து பூக்கின்றன, சில, இந்தப் பருவத்தில் கிளம்பிய புதுத் தண்டின் நுனியில் பூக்கின்றன. தோட்டக்காரர்கள் இவற்றை மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள். பழைய தண்டில் மட்டும் பூக்கும் மொன்டானா போன்றவை முதல் பிரிவு. அவற்றைப் பூத்து முடிந்த பிறகே தொட வேண்டும். பெரிய பூ பூக்கும் பல கலப்பினங்கள் இரண்டாம் பிரிவு. அவை முதலில் பழைய தண்டிலும், பிறகு ஓரளவு புதுத் தண்டிலும் பூக்கும். புதுத் தண்டில் மட்டும் பூப்பவை மூன்றாம் பிரிவு. இவற்றைத்தான் ஓரடி உயரத்துக்கு ஒட்ட வெட்டலாம்.

உங்கள் ஜாக்மனி மூன்றாம் பிரிவு. இங்கிலாந்தின் வோக்கிங் ஊரில் ஜாக்மன் குடும்பத்தாரின் நர்சரியில் உருவாகி 1862 முதல் அறியப்பட்ட கலப்பினம் அது. பெரிய பூக் கலப்பினங்களில் அதைப் போலத் தவறுகளைப் பொறுத்துக்கொள்பவை குறைவு. அதை வெட்டியதில் நீங்கள் பிழை செய்யவில்லை, வெட்டிய மாதம்தான் பிழை. என் கொடி வெட்டிய நாளிலிருந்து எட்டு வாரங்களை ஒட்டி முதல் பூவைத் தருகிறது. பிப்ரவரி இறுதியில் வெட்டினால் இந்த ஊரின் ஆண்டிலேயே கொடிய வெயிலில், ஏப்ரல் இறுதியில்தான் மலரும். குண்டுமல்லிக்கு நம்மவர்கள் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்துச் செய்வார்கள் அல்லவா, ஜாக்மனிக்கும் அதே வாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஜனவரி இறுதியிலிருந்து இதமான வெயிலில் பூக்கள் இரண்டு மூன்று வாரம் கூட நிற்கும். ஒவ்வொரு தண்டையும் தரையிலிருந்து முக்கால் அடி முதல் ஓரடி உயரத்தில், பருத்த மொட்டு இணை ஒன்றுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பூத்து முடிந்ததும் ஜூன் மாதத்தில் பாதி உயரத்துக்கு ஒரு மெல்லிய கவாத்துச் செய்தால் ஆகஸ்டில் இன்னொரு முறை பூக்கும்.

பெயர் தெரியாத கொடியை நீங்கள் விவரிக்கும் விதம், 1897 இல் பிரான்சில் மோசர் நர்சரி வெளியிட்ட நெல்லி மோசரை ஒத்திருக்கிறது. அதைப் போன்ற பட்டை ஓடும் வகைகள் வேறு சிலவும் உள்ளதால், பெயரை நம்புவதைவிடக் கொடியையே கேட்பது நல்லது. அடுத்த முறை பூக்கும்போது, பூவின் காம்பிலிருந்து பின்னோக்கி வந்து பாருங்கள். ஒன்று முதல் மூன்று இணை இலைகளே கொண்ட குட்டைத் துளிர் ஒன்றின் முனையில் பூ இருந்து, அந்தத் துளிர் பழுப்பேறிய பழைய தண்டிலிருந்து கிளம்பியிருந்தால், அது இரண்டாம் பிரிவு. நீண்ட பச்சைத் தண்டின் நுனியில் பல கணுக்களைத் தாண்டிப் பூத்திருந்தால் மூன்றாம் பிரிவு. நீங்கள் ஓரடிக்கு வெட்டிய ஆண்டில் இரண்டே பூக்கள் வந்தன என்பதே அது இரண்டாம் பிரிவு என்று எனக்குச் சொல்கிறது. பூக்கவிருந்த பழைய தண்டையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டீர்கள். அதற்கு நவம்பரில் காய்ந்த நுனிகளையும் மெலிந்த தண்டுகளையும் மட்டும் நீக்கி, முற்றிய தண்டுகளை வலுவான மொட்டு இணை வரை மட்டும் குறைத்தால் போதும். அடிப்பகுதி வெறுமையாக இருப்பதைச் சரிசெய்ய, எல்லாத் தண்டுகளையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், மூன்றில் ஒன்றை மட்டும் ஓரடிக்கு வெட்டுங்கள். மற்ற இரண்டு பங்கும் அந்த ஆண்டுப் பூவைத் தரும். நெல்லி மோசராகவே இருந்தால், நேர் வெயிலில் அதன் நிறம் வெளிறும் என்பதையும் நினைவில் வைத்து, காலை வெயில் மட்டும் படும் பக்கம் படரவிடுங்கள்.

பதில் 2: அல்சூர் மொட்டைமாடி

சகோதரிக்கு வணக்கம். ஐயா சொன்ன அடிப்படையை முழுவதும் ஏற்கிறேன். ஜூன் கவாத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. அல்சூரில் திறந்த மொட்டைமாடியில், 18 அங்குல அகலமும் அதே ஆழமும் கொண்ட மண்தொட்டிகளில் நான்கு கொடிகளை வளர்க்கிறேன். இரண்டு ஆண்டுகள் ஜூனில் வெட்டிப் பார்த்தேன். இளம் தளிர் எழும்பும் நேரத்தில் தொடர் மழை பிடித்துக்கொண்டது. தளிர்களில் பாதியைப் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் ஒரே இரவில் தின்றன, மீதியில் வாடல் நோய் விழுந்தது. மலர்ந்த சில பூக்களும் மழைத் துளியில் கிழிந்து தொங்கின. இப்போது ஏப்ரலில் பூத்து ஓய்ந்த நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டு, மழைக்காலம் முழுவதும் கொடியை முற்றவிடுகிறேன். வருடத்தில் ஒரே ஒரு பெரிய கவாத்துத்தான்.

உங்கள் அக்டோபர்த் தண்டுக்கு வந்ததும் அந்த வாடல் நோயாகத்தான் இருக்க வேண்டும். தாகத்தால் வாடினால் கொடி முழுவதும் தளர்ந்து, தண்ணீர் ஊற்றியதும் மாலைக்குள் நிமிர்ந்துவிடும். இந்தப் பூஞ்சை நோயிலோ ஒரு தண்டு மட்டும் நுனியிலிருந்து துவண்டு, இலைக்காம்புகளும் நரம்புகளும் கறுத்து, எவ்வளவு நீர் விட்டாலும் எழாது. பெரிய பூக் கலப்பினங்களைத்தான் இது அதிகம் தாக்கும். கறுத்த பகுதிக்குக் கீழே பச்சையும் உறுதியுமான தண்டு தெரியும் இடம் வரை, தேவையானால் மண்மட்டம் வரை, வெட்டிவிடுங்கள். வெட்டியதை எருக்குழியில் போடாதீர்கள்; குப்பையோடு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். கையுறை அணிந்துகொள்வதும் நல்லது, ஏனெனில் வெட்டிய தண்டின் சாறு தோலில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் வரும். எனக்கு மணிக்கட்டில் ஒரு வாரம் தடிப்பு இருந்தது.

நோய் தாக்கிய கொடி இறந்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிட வேண்டாம் என்பதை மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் முதல் கொடியை அப்படித்தான் எறிந்தேன். வேரோடு தூக்கியபோதுதான் மண்ணுக்கடியில் வெள்ளை நிறத்தில் மூன்று புதுமுளைகளைக் கண்டேன். இன்றும் அது மனத்தை உறுத்துகிறது. கன்றை நடும்போதே, அது வந்த தொட்டியின் மண்மட்டத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் ஆழமாக, இரண்டு கணுக்களாவது மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும் என்பது இதற்காகத்தான். மேலே எது கருகினாலும் புதைந்த கணுவிலிருந்து கொடி திரும்பி வரும். உங்களுடையதை மேலோட்டமாக நட்டிருந்தால், அடியைச் சுற்றி மக்கிய இலையும் மண்புழு உரமும் கலந்து மெதுவாக மேடு கட்டி உயர்த்துங்கள்.

வேருக்கு நிழலும் தலைக்கு வெயிலும் வேண்டும் என்று எல்லோரும் சொல்வதை இந்த ஊரில் இரட்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். என் மாடியில் தொட்டிகளின் மேற்குப் பக்கத்தில் வெளிறிய ஓடுகளை நிறுத்தி, மண்ணின் மேல் தேங்காய் மட்டைத் துண்டுகளை நான்கு விரற்கடைக்கு மூடாக்காகப் போட்ட பிறகுதான் ஏப்ரல் மாதத்தை இலை கருகாமல் கடக்க முடிந்தது. மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு கையளவு தள்ளி இருக்கட்டும்.

இன்னொன்று: மூங்கில் கழிகள் இந்தக் கொடிக்கு உதவாது. அவரை தன் தண்டாலேயே சுற்றி ஏறுகிறது, பாகல் பற்றுக்கம்பியால் ஏறுகிறது; க்ளெமாடிஸ் தன் இலைக்காம்பையே வளைத்துப் பிடித்து ஏறுகிறது. குட்டையான அந்தக் காம்பால் பென்சிலைவிடப் பருத்த எதையும் சுற்ற முடியாது. பிடி கிடைக்காத கொடி தன்மேலேயே சுற்றிக்கொண்டு, நேராக மேலே ஓடி, அங்கே போய்ப் பூக்கும். கைப்பிடிச் சுவருக்கு மேல் மட்டும் பூப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சணல் கயிற்றையோ மீன்வலையையோ சுவரிலிருந்து சற்று விலக்கிக் கட்டி, இளம் தண்டுகளை வாரத்துக்கு ஒருமுறை விசிறிபோலப் பக்கவாட்டில் விரித்துக் கட்டுங்கள். சாய்ந்து கிடக்கும் தண்டின் ஒவ்வொரு கணுவும் துளிர்க்கும். நின்ற தண்டின் உச்சி மட்டுமே துளிர்க்கும். கண்ணாடிக் குழாய்போல ஒடியும் தண்டு அது, ஆகையால் தளிராக இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும்.

பதில் 3: காட்டுக்கொடி, ஜெயநகர்

இரண்டு கொடிகளோடு நிற்காமல் மூன்றாவதையும் தேடும் எண்ணம் உங்களுக்கு வரலாம் என்பதால் ஒரு வார்த்தை. இணையத்தில் படம் பார்த்து மொன்டானாவை வாங்காதீர்கள். அது இமயமலையின் கொடி. 1831 இல், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவரின் மனைவியான ஆம்ஹெர்ஸ்ட் சீமாட்டி அதை அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அங்கே வீடுகளையே மூடுமளவுக்குச் செழித்தது. உண்மையான குளிர்காலம் இல்லாத இடத்தில் அதன் பழைய தண்டு பூக்க மறுக்கிறது. எனக்கு ஐந்து ஆண்டுகளில் இலை மட்டுமே கிடைத்தது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே க்ளெமாடிஸ் கௌரியானா என்ற இனம் வேலிகளிலும் காட்டோரங்களிலும் படர்கிறது. பூ சிறியது, வெண்மை. கொத்துக் கொத்தாக மணத்தோடு மலர்ந்து, பிறகு வெள்ளி இறகுகளைப் போன்ற காய்களால் கொடி முழுவதையும் போர்த்துகிறது. கலப்பினப் பூவின் அகலத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் இந்த வெயிலையும் மழையையும் அது பழகியிருக்கிறது. காட்டிலிருந்து கொடியைப் பிடுங்கிவராமல், விதையிலிருந்து வளர்த்தவர்களிடம் கன்று கேட்டு வாங்குங்கள்.

செங்காந்தள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திராட்சையைச் சொன்னதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. என் தந்தை பன்னீர் திராட்சையில் பருத்த கிளைக்கு நான்கைந்து கணுவும் மெலிந்த கிளைக்கு இரண்டு கணுவும் விட்டு வெட்டுவார். கிளையைத் தொட்டுப் பார்த்த பிறகே கத்தரியை எடுப்பார். நான் க்ளெமாடிஸை அயல்நாட்டுப் பூ என்று எண்ணி, தண்டைத் தொட்டுப் பார்க்காமல் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று காலை பெயர் தெரியாத கொடியில் எஞ்சியிருந்த இரண்டு காய்ந்த பூக்காம்புகளைப் பின்தொடர்ந்து பார்த்தேன். இரண்டும் இரண்டு இணை இலைகளே கொண்ட குட்டைத் துளிர்களில், பழுப்புத் தண்டிலிருந்துதான் வந்திருக்கின்றன. ஜாக்மனியின் அடியில் மண்ணை விரலால் கிளறியபோது, கறுத்த தண்டுக்குப் பக்கத்திலேயே சிவந்த முளை ஒன்று தலைகாட்டுகிறது. கன்றை மேலோட்டமாகத்தான் நட்டிருக்கிறேன், இருந்தும் அது பிழைத்திருக்கிறது.

ஜூன் கவாத்தைப் பற்றி இருவரும் வேறுபடுவதால் ஒன்று கேட்கிறேன்: எங்கள் சுவருக்கு மேல் இரண்டடி நீளத்துக்குச் சன்ஷேடு உள்ளது, சாரல் தவிர நேர் மழை கொடியின் அடியில் விழாது. எனக்கு எது பொருந்தும்? வெட்டிய பின் உரம் எதுவும் கொடுக்க வேண்டுமா?

பதில் 1: மலைத்தோட்டக்காரன்

அல்சூர் அம்மா சொன்னது நியாயம். என் கொடி மல்லேஸ்வரத்தில் ஓட்டுச் சார்ப்பின் கீழ் இருப்பதால் ஆகஸ்டுப் பூ எனக்கு வாய்க்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்; திறந்த மாடிக்கு அந்த ஆலோசனை பொருந்தாது. உங்களுக்குச் சன்ஷேடு இருந்தாலும், நோய் ஒருமுறை வந்த கொடி என்பதால் இந்த ஆண்டு ஜூனில் ஜாக்மனியைத் தொட வேண்டாம். அடுத்த ஆண்டு ஒரே ஒரு தண்டை மட்டும் வெட்டிப் பாருங்கள். அது மழையைத் தாங்கினால் மற்றவற்றையும் வெட்டலாம். பெயர் தெரியாத கொடிக்கு ஜூன் கவாத்தே கூடாது, மழைக்காலத்தில் முற்றும் தண்டுதான் அதன் அடுத்த பூ.

நவம்பர் கவாத்து முடிந்ததும் ஒவ்வொரு கொடிக்கும் இரண்டு கைப்பிடி மக்கிய தொழுவுரமும் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் இட்டு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணோடு கலந்து விடுங்கள். துளிர்கள் ஒரு முழம் வளர்ந்ததும் ரோஜாவுக்குக் கொடுக்கும் சாம்பல்சத்து (பொட்டாஷ்) மிகுந்த உரத்தை, பாதி அளவில் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம். முதல் அரும்பு நிறம் காட்டியதும் நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் பூக்கள் விரைவில் முடிந்துவிடும். தழைச்சத்து மிகுந்த யூரியா வகைகளைத் தொடவே தொடாதீர்கள். இலையும் மென்மையான தண்டும் பெருகி, மறுபடி நோயை அழைக்கும்.

அந்தச் சிவந்த முளைக்குப் பக்கத்தில் இன்றே மூன்று குச்சிகளை ஊன்றி அடையாளம் வையுங்கள். களை எடுக்கும்போது தெரியாமல் கிள்ளப்படுவது பெரும்பாலும் இத்தகைய முளைதான். அது ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியை இரண்டாவது கணுவுக்கு மேல் ஒருமுறை கிள்ளிவிடுங்கள். ஒரு தண்டாக ஓடுவதற்குப் பதில் அடியிலேயே இரண்டாகக் கிளைக்கும், உங்கள் பக்கத்துச் சுவரும் நிறையும்.